பழைய கணினியைக் கைவிட்டது லினக்ஸ் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தொழில்நுட்பப் பக்கத்தில் ஒற்றை பிராசசர் கணினிகளுக்கு, விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் விடைகொடுத்துவிட்டது என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதற்குக் கீழேயே கட்டம் கட்டி, விண்டோஸ் கணினி வேகமாக ஓட 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற அமைப்புக் கருவியைத் திறந்து பிராசசர் எண்ணிக்கையை நான்காக வையுங்கள் என்று ஒரு குறிப்பு. இரண்டுமே தவறு. முதலாவது ஆட்களைப் பயமுறுத்துகிறது, இரண்டாவது அவர்களுடைய கணினியை மெதுவாக்குகிறது. பாளையங்கோட்டையில் பழைய கணினிகளைச் சரிபார்த்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டின் பலனும் திங்கட்கிழமை காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டது.

செய்தி வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து கடைக்கு வருபவர்களில் நிறையப் பேர், "அக்கா, இதுல லினக்ஸ் மின்ட் போட்டுத் தாங்க" என்று பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் செய்தியைப் படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ஏம்மா, இதுல லினக்ஸும் ஓடாதாமே, பேப்பர்லயே போட்டுட்டான், எடைக்குப் போட்டுரட்டுமா?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்தது கோர் 2 டுயோ. இரண்டு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் இரண்டு பிராசசர், உள்ள கணினி. செய்தி உண்மையாகவே இருந்தாலும் அவருக்குப் பொருந்தாது. அது எடைக்குப் போகாமல் தப்பியது, அவர் கடைக்கு வந்து கேட்டதால்தான்.

சரி, நடந்தது என்ன? 2025 செப்டம்பர் 28 அன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 6.17 பதிப்பு வெளிவந்தது. அதில் ஷெட்யூலர் என்ற பகுதியில், அதாவது எந்த வேலையை எந்த பிராசசரில் எப்போது ஓடவிடுவது என்று முடிவுசெய்யும் பகுதியில், ஒரு பெரிய துப்புரவு நடந்தது. அதுவரை அந்தப் பகுதியின் நிரல் பல இடங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. பல பிராசசர் இருந்தால் இப்படி, ஒன்றே ஒன்று என்றால் அப்படி. கர்னலைத் தயாரிக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை வெட்டிவிடுவார்கள். ஷெட்யூலரை நெடுங்காலமாகக் கவனித்துவரும் இங்கோ மோல்நார் அந்த இரண்டாவது வடிவத்தை நீக்கிவிட்டு, பல பிராசசருக்கான நிரலையே எல்லாருக்கும் பொதுவாக்கினார். அவ்வளவுதான். ஒற்றை பிராசசர் உள்ள கணினியிலும் அதே நிரல் ஓடும். எண்ணிப்பார்த்து ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த ஒன்றிலேயே எல்லா வேலையையும் வைக்கும். எந்தக் கணினியும் இதனால் நின்றுபோகாது. ஒற்றை பிராசசருக்கென்றே கர்னல் தயாரிக்கும் தெரிவுகூட இன்னும் அப்படியே இருக்கிறது.

உண்மையாகவே லினக்ஸ் ஒரு பிராசசரைக் கைவிட்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 386-ஐச் சொல்லலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 கணினியில்தான். 2012 டிசம்பரில் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள்; 2013 பிப்ரவரியில் வந்த 3.8-லிருந்து கர்னல் அதில் ஓடாது. அந்த மாற்றத்தை டோர்வால்ட்ஸுக்கு அனுப்பியவரும் இதே மோல்நார்தான். காரணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: பல பிராசசர்களுக்கு இடையே பூட்டுப் போடும் நிரலில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும், அதற்குத் தேவையான கட்டளைகளே இல்லாத 386-க்காகத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. அது கைவிடல். 6.17-இல் நடந்தது வேறு. உங்கள் செய்தியாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பூட்டு என்றேன். இந்த இரட்டை வடிவம் ஏன் வந்தது என்பதற்கே அதுதான் விடை. ஒற்றை ஆளாகக் குடியிருப்பவர் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டார். வீட்டில் நாலு பேர் வந்துவிட்டால் போட்டே ஆக வேண்டும். கர்னலும் அப்படித்தான். இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலைத் திருத்தப் போனால் பட்டியல் சிதைந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றும் பூட்டி, வேலையை முடித்து, திறந்துவிட வேண்டும். பிராசசர் ஒன்றுதான் என்றால் அந்தப் பூட்டு வீண்வேலை. பென்டியம் 4-இல் அப்படி ஒரு பூட்டுக் கட்டளை பிராசசர் கடிகாரத்தின் கிட்டத்தட்ட நூறு சுழற்சியைத் தின்னும். ஆகவே பூட்டே இல்லாத கர்னல் ஒன்று, பூட்டு உள்ள கர்னல் ஒன்று என்று இரண்டாகத் தயாரித்தார்கள்.

பல பிராசசர் ஆதரவு லினக்ஸின் நிலையான பதிப்பில் முதலில் வந்தது 1996 ஜூனில், 2.0-இல். கால்டெரா நிறுவனம் கொடுத்த இரட்டை பிராசசர் போர்டை வைத்துக்கொண்டு ஆலன் காக்ஸ் அந்த வேலையைத் தொடங்கிவைத்தார். அன்று கர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒரு பிராசசர் கர்னலுக்குள் போய்விட்டால் இன்னொன்று வெளியே காத்திருக்கும். அந்தப் பெரிய பூட்டைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்து முற்றிலும் ஒழிக்க 2011 மே வரை, 2.6.39 வரை ஆயிற்று. 2.0-இல் இதற்கு மெனுத் தெரிவுகூடக் கிடையாது. 'மேக்ஃபைல்' கோப்பைத் திறந்து ஒரு வரியின் முன்னால் இருக்கும் குறியை எடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் இதற்கு யாரும் குறைப்படவில்லை. இரண்டு பிராசசர் வைத்திருந்தவர்கள் சர்வர் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு வேலை தெரியும்.

சிக்கல் வந்தது 2005-க்கு அப்புறம். அந்த ஆண்டு மே மாதம் இன்டெல்லின் பென்டியம் டி-யும் ஏஎம்டி-யின் அத்லான் 64 எக்ஸ்2-வும் வந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கோர் 2 டுயோ. கடையில் சாதாரணமாக வாங்கும் பெட்டியிலேயே இரண்டு கோர். ஆனால் அப்போது புழக்கத்தில் இருந்த லினக்ஸ் வகைகளான ரெட்ஹேட் 4-இலும் சென்ட்ஓஎஸ் 4-இலும் 'கர்னல்' என்று ஒரு பொதி, பல பிராசசருக்கு 'கர்னல்-எஸ்எம்பி' என்று இன்னொரு பொதி. டெபியன் 3.1-இலும் அப்படியே: '686' ஒன்று, '686-எஸ்எம்பி' ஒன்று. பின்னொட்டு எதுவும் இல்லாத வெறும் பெயர் ஒற்றை பிராசசருக்கு உரியது. நிறுவும்போது இன்ஸ்டாலர் எண்ணிப் பார்த்துச் சரியானதைப் போட்டுவிடும். சிடி போட்டு நிறுவினால்தானே!

நான் அப்போது ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பென்டியம் 4 பெட்டிகளை எடுத்துவிட்டு ஆய்வகம் முழுக்கக் கோர் 2 டுயோ வந்தது. கொண்டுவந்த ஏஜென்சிக்காரர்கள் ஒவ்வொன்றிலும் சிடி போட்டு உட்கார நேரமில்லை என்று, பழைய பெட்டி ஒன்றின் ஹார்டு டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து எல்லாப் புதிய பெட்டிகளிலும் இறக்கிவிட்டார்கள். பழைய பெட்டியில் இருந்தது ஒற்றை பிராசசர் கர்னல். எல்லாம் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மாணவர்கள் சி நிரலைக் கம்பைல் செய்தார்கள், ரெக்கார்டு நோட்டு எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் முடிந்தது.

ஒருநாள் ஒரு பெட்டி ஏன் இப்படித் திணறுகிறது என்று பார்க்க 'டாப்' கட்டளை கொடுத்து 1-ஐ அழுத்தினேன். அந்தப் பொத்தான் ஒவ்வொரு பிராசசருக்கும் ஒரு வரியாகப் பிரித்துக் காட்டும். 'சிபியு0' என்று ஒரே ஒரு வரி. அடுத்த வரி இல்லை. '/பிராக்/சிபியுஇன்ஃபோ' பார்த்தேன், பிராசசர் மாடல் கோர் 2 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, ஆனால் இருப்பது பிராசசர் 0 மட்டும். 'யூநேம்' கொடுத்தால் வந்த கர்னல் பெயரில் 'எஸ்எம்பி' என்ற பின்னொட்டு இல்லை. பக்கத்துப் பெட்டியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. நிர்வாகம் காசு கொடுத்து வாங்கிய கோர்களில் சரிபாதி அன்றுவரை சும்மா சூடாகிக்கொண்டிருந்தது. சிடியிலிருந்து 'கர்னல்-எஸ்எம்பி' பொதியை ஏற்றி, எந்தக் கர்னலை ஏற்றுவது என்று சொல்லும் கிரப் கோப்பில் அதை முதல் தெரிவாக்கி மறுபடி பூட் செய்ததும் 'டாப்'பில் இரண்டாவது வரி வந்தது. ஏஜென்சிக்குப் போன் போட்டதற்கு, "மேடம், சிஸ்டம் ஓடுதுல்ல, கம்ப்ளெயின்ட் என்ன?" என்றார்கள்.

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் டீஃபால்ட் எது என்று முடிவுசெய்பவர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான் என்பது என் கருத்து. ஒற்றை பிராசசர் கர்னலை இரட்டை கோரில் போட்டால் பாதி இயந்திரம் போய்விடும், ஆனால் யாருக்கும் தெரியாது. பல பிராசசர் கர்னலை ஒற்றை கோரில் போட்டால் கொஞ்சம் வேகம் குறையும், அதுவும் யாருக்கும் தெரியாது. இரண்டு தவறும் சத்தம் போடுவதில்லை, இழப்பு மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். கர்னல் தெரிவுகளைத் திறந்து பார்ப்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார், அவருக்கு டீஃபால்ட் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். பாலிடெக்னிக் மாணவனும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதைத் திறக்கவே போவதில்லை. டீஃபால்ட் அவர்களுக்காகத்தான்.

அந்தக் 'கொஞ்சம் வேகம்' போவதையும் 2006 ஜூனில் வந்த 2.6.17 ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டது. சூசே நிறுவனத்தின் கெர்ட் ஹாஃப்மான் செய்த வேலை அது, எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. பூட்டுக் கட்டளைகளுக்கு முன்னால் ஒரே ஒரு பைட் முன்னொட்டு இருக்கும். அதுதான் மற்ற பிராசசர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது. கர்னலைத் தயாரிக்கும்போதே அந்த பைட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்கிறது. கணினி பூட் ஆகும்போது பிராசசர்களை எண்ணுகிறது. ஒன்றுதான் என்றால், பட்டியலை வைத்துக்கொண்டு நினைவகத்தில் இருக்கும் தன் நிரலுக்குள்ளேயே போய் அந்த பைட்டுகளை எல்லாம் ஒன்றும் செய்யாத பைட்டுகளாக மாற்றிவிடுகிறது. பூட்டுள்ள கர்னலாக வட்டில் இருந்தது, பூட்டில்லாத கர்னலாக ஓடத் தொடங்குகிறது. ஒன்றுக்கு மேல் இருந்தால் பட்டியல் தேவையில்லை என்று அது பிடித்திருந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இன்றைக்கும் உங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் கணினி ஏதாவது இருந்தால் பூட் ஆனபோது கர்னல் எழுதிய குறிப்புகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 'எஸ்எம்பி ஆல்டர்நேட்டிவ்ஸ்' நினைவகத்தை விடுவித்தேன் என்று இத்தனை கே (கிலோபைட்) என்ற கணக்கோடு ஒரு வரி வரும். அதுதான் இது.

அப்புறம் இரண்டு கர்னல் எதற்கு? 2007 மார்ச்சில் ரெட்ஹேட் 5, ஏப்ரலில் டெபியன் 4.0 என்று ஒவ்வொன்றாக 'எஸ்எம்பி' பின்னொட்டை எடுத்துவிட்டு ஒரே கர்னலுக்கு வந்தன. டெபியன் மட்டும் நிஜமாகவே பழைய பெட்டிகளுக்காக '486' என்று ஒற்றை பிராசசர் கர்னலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது. நியாயமான ஏற்பாடு.

இன்னொரு தலைவலியும் அதோடு தீர்ந்தது, வெளியே அதிகம் பேசப்படாதது. டிரைவர்களை, அதாவது கருவிகளை இயக்கும் நிரல்களை, மூல நிரல் தராமல் கம்பைல் செய்த கோப்பாகவே கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அப்படி வந்த மோடம் டிரைவர்கள் பெரும்பாலும் ஒற்றை பிராசசர் கர்னலுக்குத் தயாரித்தவை. எஸ்எம்பி கர்னலில் ஏற்றினால், அடையாள வரியில் 'எஸ்எம்பி' என்ற சொல் இல்லை என்று கர்னல் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு கோரும் வேண்டுமென்றால் இணையம் இல்லை, இணையம் வேண்டுமென்றால் ஒரு கோர் இல்லை. கர்னல் ஒன்றானதும் அவர்களும் ஒன்றுக்கே தயாரித்தார்கள்.

எதிர்த்தரப்பிலும் சொல்வதற்கு உண்டு. வீட்டு ரவுட்டர்களில் பல இன்றும் ஒற்றை கோர். எட்டு எம்பி ஃபிளாஷுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அவற்றுக்கான லினக்ஸ் வகையான ஓப்பன்டபிள்யூஆர்டி-யின் கர்னல்களைப் பல பிராசசர் ஆதரவு இல்லாமல்தான் தயாரிக்கிறார்கள், அதுதான் சரி. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி போர்டின் முதல் மாடலும் பை ஜீரோவும் ஒற்றை கோர். 2015 பிப்ரவரியில் வந்த பை 2-இல் நான்கு, பிராசசர் வகையும் வேறு. அதனால் ஒரே எஸ்டி கார்டில் இரண்டு வகைக்கும் தனித்தனிக் கர்னல் கோப்பு இருக்கிறது, செருகிய போர்டு தனக்கு உரியதை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி-யோ 2004-இல் பல பிராசசர் ஆதரவு வந்ததிலிருந்து இன்றுவரை இரண்டு கர்னலைத்தான் கொடுக்கிறது. இன்ஸ்டாலர் கோர்களை எண்ணிவிட்டு, பல பிராசசர் கர்னலான 'பிஎஸ்டி.எம்பி'-யைத் தானே முதல் இடத்தில் வைத்துவிடும். ஒழுங்காக நிறுவினால் நல்ல முறை. வாடகைச் சர்வரை ஒரு கோரோடு எடுத்து நிறுவிவிட்டுப் பிறகு இரண்டாக உயர்த்துபவர்கள் கர்னலை மாற்ற மறந்தால், எங்கள் ஆய்வகக் கதைதான் அங்கேயும்.

மொத்தத்தில், ஒற்றை பிராசசர் கர்னல் வேண்டுமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் ரவுட்டர் செய்பவர், போர்டு செய்பவர். வீட்டுக் கணினிக்கு அந்த முடிவே தேவையில்லை. அபூர்வமாகத் தேவைப்பட்டால் வழியும் இருக்கிறது. என் கடைக்கு ஒரு தொழிற்கூடத்திலிருந்து அளவெடுக்கும் பழைய கார்டு ஒன்றோடு கணினி வந்தது. இரண்டு கோரும் ஓடினால் அந்த டிரைவர் அப்படியே உறைந்துவிடும். பூட் வரியில் 'மேக்ஸ்சிபியுஸ்=1' என்று சேர்த்துக் கொடுத்தேன், ஓடுகிறது. ஒரு கணினிக்கு ஒரு வரி. அதற்காக எல்லாருடைய டீஃபால்ட்டையும் ஒற்றையாக வைக்க வேண்டியதில்லை.

பழைய கணினியை உண்மையில் யார் வெளியே தள்ளுகிறார்கள் என்று உங்கள் செய்தியாளர் எழுத விரும்பினால் அதற்கும் விஷயம் இருக்கிறது. ஒற்றை கோர் பிராசசர் ஆகாது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருப்பது விண்டோஸ் 11. குறைந்தது இரண்டு கோர் உள்ள 64 பிட் பிராசசர் வேண்டும் என்பது அதன் விதி. லினக்ஸ் பக்கம் பார்த்தால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரையும் கர்னலையும் நிறுத்திவிட்டது. லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 2020-லேயே 64 பிட்டுக்கு மாறிவிட்டது. 2008 வாக்கில் வந்த ஆட்டம் என்270 நெட்புக்குகள் இன்னும் என் கடைக்கு வருகின்றன. கோர் ஒன்றுதான், ஒரே கோரில் இரண்டு வேலையை ஓடவிடும் ஹைப்பர் திரெடிங்கால் இரண்டாகத் தெரியும். அவற்றுக்குத் தடை 6.17 அல்ல, 32 பிட் என்பதுதான். 64 பிட் உள்ள ஒற்றை கோர் பெட்டி என்றால், நினைவகம் போதுமான அளவு இருந்தால், இன்றைய கர்னலும் தாராளமாக ஓடும்.

கடைசியாக அந்தக் கட்டம் கட்டிய குறிப்பு. 'எம்எஸ்கான்ஃபிக்'கில் 'பூட்' பகுதிக்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் வரும் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்பது வேகம் கூட்டும் திருகு அல்ல. அது உச்சவரம்பு. டிரைவர் எழுதுபவர்கள் சோதனைக்காகப் பிராசசர்களைக் குறைத்துப் பார்க்க வைத்தது. டிக் போடாமல் விட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். யூடியூபில் இந்தக் குறிப்பு பல வருடமாகச் சுற்றுகிறது, இப்போது அச்சிலும் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு கல்லூரி மாணவி, "அக்கா, பேப்பர்ல போட்ட மாதிரி வெச்சேன், எடிட்டிங் முன்னவிட ஸ்லோவாயிடுச்சு" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஐ5-8250யு, நான்கு கோர், எட்டு திரெட், அதாவது விண்டோஸ் கண்ணுக்கு எட்டு பிராசசர். டாஸ்க் மேனேஜரில் எட்டுக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் எட்டும் வந்தன. காசு வாங்கவில்லை.

ஆகவே செய்திக்கான திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைவிட அவசரம் அந்தக் குறிப்பு: அதைப் பார்த்து எண்ணை மாற்றியவர்கள் மறுபடி அதே இடத்துக்குப் போய் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை அடுத்த ஞாயிறுவரை காத்திராமல் நாளைய பதிப்பிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகி,
பாளையங்கோட்டை